'டாட்ஸ் ஆர்மி' (1971): படம் 95 நிமிஷமா, 91 நிமிஷமா? சிட்காம் படமானால் எது கழன்று விழுகிறது?

#1 பழையரீல்

எங்கள் திரைப்படக் கழகத் திரையிடலுக்கு நார்மன் கோஹன் இயக்கிய 'டாட்ஸ் ஆர்மி' படத்தை எடுத்திருக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் தன்னார்வப் படையைப் பற்றிய பிபிசி சிட்காமை (சூழ்நிலை நகைச்சுவைத் தொடரை) வைத்து எடுத்த படம். கேள்விகள் மூன்று.

படத்தின் நீளம் 95 நிமிஷம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. எங்களிடம் உள்ள பிரிட்டிஷ் டிவிடி 91 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நாலு நிமிஷத்தை எங்கே வெட்டினார்கள்?

தனியாகக் கிடைத்த சப்டைட்டில் கோப்பு ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப்போகப் பின்தங்குகிறது. முன்னே பின்னே நகர்த்தினால் ஒரு இடத்தில் பொருந்தி இன்னொரு இடத்தில் கெடுகிறது.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி. அதே நடிகர்கள், தொடரை எழுதிய அதே ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்ட். தொடரை ரசித்தவர்கள் படத்தில் பாதிதான் சிரிக்கிறார்கள். காரணம் என்ன? கூடவே ஒரு எபிசோட் போடுவதென்றால் எதைப் போடலாம்?

#2 கத்தரிக்கோல்

ஒரு ஃபிரேம்கூட வெட்டவில்லை. திரையரங்கப் படம் வினாடிக்கு 24 ஃபிரேம். பிரிட்டனின் பால் (PAL) முறைத் தொலைக்காட்சி வினாடிக்கு 25. பால் டிவிடி செய்யும்போது 24-ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். 95-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 91.2, அதாவது 91 நிமிஷம் 12 வினாடி. உங்கள் தட்டு அதுதான். 24 வேகத்திலேயே பதியப்பட்ட ப்ளூரே என்றால் முழு 95 நிமிஷம் ஓடும்.

சப்டைட்டில் நழுவுவதும் இதனால்தான். நிமிஷத்துக்கு 2.4 வினாடி. பத்தாவது நிமிஷத்தில் 24 வினாடி, முடிவில் ஏறக்குறைய 3 நிமிஷம் 48 வினாடி. மொத்தமாக நகர்த்தினால் தீராது, எல்லா நேரத்தையும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். சப்டைட்டில் எடிட்டர்களில் ஃபிரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கும், 24-லிருந்து 25 என்று கொடுங்கள். முதல் வசனத்தைப் பொருத்திவிட்டுக் கடைசி வசனத்தைச் சரிபாருங்கள். அங்கே இன்னும் ஐந்தாறு வினாடி தாமதம் இருந்தால் மூலக் கோப்பு 23.976-க்குச் செய்தது. பெருக்க வேண்டியது 0.95904.

இன்னொன்று. 4 சதவீத வேகம் குரலையும் ஏற்றிவிடும், அரைஸ்வரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக. தொடரை முதலிலிருந்தே 25-க்காக எடுத்தார்கள், அதனால் அதில் படைத் தலைவர் கேப்டன் மேன்வாரிங்காக நடித்த ஆர்தர் லோவின் குரல் இயல்பாக இருக்கும். சுருதியைத் திருத்தாத தட்டில் படத்தைப் போட்டால் அதே கேப்டன் மேன்வாரிங் கொஞ்சம் கீச்சென்று பேசுவார். தொடரையும் படத்தையும் அடுத்தடுத்துப் போட்டால் காது கண்டுபிடித்துவிடும். முடிந்தால் ப்ளூரே எடுங்கள்.

#3 வால்மிங்டன்வாசி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

தொடர் 1968 ஜூலை 31-ல் பிபிசியில் தொடங்கி 1977 வரை ஓடியது, 9 வரிசை (சீசன்), 80 எபிசோட். படத்தின் படப்பிடிப்பு 1970 கோடையில், ஷெப்பர்டன் ஸ்டூடியோவிலும் பக்கிங்ஹாம்ஷயரின் சால்ஃபான்ட் செயின்ட் ஜைல்ஸ் ஊர்த் தெருவிலும். தொடரின் வெளிப்புறக் காட்சிகள் நார்ஃபோக்கில் தெட்ஃபர்ட் பக்கம் எடுத்தவை. ஆக, பார்வையாளர் பழகிய, கதை நடக்கும் கற்பனை ஊரான வால்மிங்டன் படத்தில் வேறு ஊராகிவிட்டது. படையின் இளைஞன் பைக்கின் அம்மாவாகத் தொடரில் நடித்த ஜேனட் டேவிஸுக்குப் பதில், திரையில் பெயர் தெரிந்தவர் வேண்டும் என்று லிஸ் ஃபிரேசர். படத்தை எடுத்தது கொலம்பியா. அவர்கள் கேட்ட மாற்றங்களில் பெரிக்கும் கிராஃப்டுக்கும் உடன்பாடில்லை.

ஆனால் பழியை ஊர்மீதும் நடிகைமீதும் போட்டால் போதாது. கதையைப் பிரித்துப் பாருங்கள். முதல் பகுதி, 1940 மே 14 அன்று போர் அமைச்சர் ஆந்தனி ஈடன் வானொலியில் தன்னார்வப் படைக்கு ஆள் கேட்பதும் மேன்வாரிங் படை திரட்டுவதும். இது முதல் எபிசோடையே அகலமாக்கியது. நடுப்பகுதி வார இறுதிப் பயிற்சி முகாம். படையிலுள்ள கசாப்புக்கடைக்காரர் ஜோன்ஸின் இறைச்சி வண்டி கெடுகிறது, ஸ்டீம் ரோலர் கூடாரங்கள்மேல் ஏறுகிறது, மேஜர் ஜெனரல் வெள்ளைக் குதிரையோடு ஆற்றில் மிதந்து போகிறார். மூன்றாம் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தின் ஜெர்மானியர் மூவர் தேவாலயக் கூடத்தில் ஊர்ப் பெரியவர்களைப் பிணையாகப் பிடிக்கிறார்கள்.

மூன்றும் மூன்று எபிசோட். ஒன்றின் விளைவாக அடுத்தது நடப்பதில்லை. நடுப்பகுதியை முழுதாகத் தூக்கிவிட்டு, முகாமில் அவமானப்பட்டுத் திரும்புகிறார்கள் என்று ஒரு வசனம் வைத்தாலும் கதை நிற்கும். அரை மணி நேரச் சரக்கைத் தொண்ணூறு நிமிஷமாக்கும்போது இந்தத் தையல்தான் முதலில் பிரிகிறது. பார்க்கிறவர் தையலைக் கவனிக்க மாட்டார், ஆனால் நாற்பதாவது நிமிஷத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நடுப்பகுதிக்கு இன்னொரு குறையும் உண்டு. தொடரில் சிரிப்பு வருவது மேன்வாரிங் தன்னை யாரென்று நினைக்கிறார், மற்றவர்கள் அவரை யாராகப் பார்க்கிறார்கள் என்ற இடைவெளியில். வங்கியில் அவர் மேலாளர், படையில் அவருக்குக் கீழே சார்ஜென்டாக இருக்கும் வில்சன் தலைமைக் குமாஸ்தா. ஆனால் வில்சன் மேல்தட்டில் பிறந்து வளர்ந்தவர், மேன்வாரிங் முட்டிமோதி மேலே வந்தவர். இது வெடிக்க ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். ஸ்டீம் ரோலர் வந்ததும் அந்த இடைவெளிக்கு வேலையில்லை. யார் ஓட்டினாலும் கூடாரம் நசுங்கத்தான் செய்யும்.

#4 டெப்போமேனேஜர்

எல்லாம் சரி சார், காசு விஷயத்தை விட்டுட்டீங்களே. 1971-ல பிரிட்டிஷ் தியேட்டர்ல கல்லாவை நிரப்புனது 'ஆன் த பஸ்ஸஸ்'. டிராகுலா படம் எடுத்த ஹேமர் கம்பெனி, விளம்பரச் சேனலான ஐடிவியோட சிட்காமைப் படமாக்கி அப்படி அள்ளுச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துல 'மியூட்டினி ஆன் த பஸ்ஸஸ்', 'ஹாலிடே ஆன் த பஸ்ஸஸ்'. அந்தப் படத்துலயும் தையல் பளிச்சுன்னு தெரியும். ஜனம் கவலைப்படலையே.

ஏன் எடுத்தாங்கன்னு புரிஞ்சாத்தான் ஏன் அப்படி எடுத்தாங்கன்னு புரியும். 1946-ல பிரிட்டன்ல 163 கோடி டிக்கெட் வித்துச்சு. 1971-ல 17 கோடியைத் தாண்டுறதே பாடு. அறுபதுகள்ல காசு போட்ட அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் பெட்டியைக் கட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது ஈடி லெவி. ஒவ்வொரு டிக்கெட்லயும் ஒரு பங்கைப் பிடிச்சு பிரிட்டிஷ் படங்களுக்குத் திருப்பிக் கொடுக்குற நிதி, 1985 வரைக்கும் இருந்துச்சு. பங்கு வசூலைப் பொறுத்தது. உள்ளூர்ல நிச்சயம் ஓடுற மலிவான படம் எடுத்தா ரெண்டு பக்கமும் லாபம். விளம்பரத்தை டிவி ஏற்கெனவே இலவசமாச் செஞ்சு வெச்சிருக்கு.

கலரையும் சேர்த்துக்குங்க. பிபிசி 1, ஐடிவி ரெண்டும் கலருக்கு மாறுனது 1969 நவம்பர்ல. ஆனா வீடுகள்ல பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான், 1976 வாக்குலதான் கலர் லைசென்ஸ் முந்துச்சு. தெரிஞ்ச முகத்தைக் கலர்ல பார்க்கணும்னா தியேட்டருக்குத்தான் போகணும். 'டாட்ஸ் ஆர்மி'யே முதல் ரெண்டு வரிசை கறுப்பு வெள்ளை.

#5 கத்தரிக்கோல்

காசுக் கணக்கு சரி. தையல் எல்லாப் படத்திலும் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே அளவில் இளிப்பதில்லை. சிரிப்பு குறைவதற்குத் தையலைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது படப்பிடிப்பு முறை.

தொடர் எப்படி உருவானது? வாரம் முழுக்க ஒத்திகை. ஒரு மாலை, பிபிசி தொலைக்காட்சி மையத்தில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பல கேமராவில் ஒரே ஓட்டத்தில் வீடியோ நாடாவில் பதிவு. முன்பே 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்த வெளிப்புறக் காட்சிகளையும் அந்தக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டி, அதன் சிரிப்பையும் பதிந்துகொள்வார்கள்.

இதில் இரண்டு லாபம். முதலாவது, நடிகருக்குச் சிரிப்பு காதில் விழும். ஆர்தர் லோ ஒரு வசனத்தைக் கேட்டதும் பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைச் சரிசெய்வார், வாயைத் திறந்து மூடுவார், வில்சனைத் திரும்பிப் பார்ப்பார். கூட்டம் சிரித்து, அலை இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வார்த்தை விழும். அந்த இடைவெளியை எழுத்தாளர் எழுதவில்லை, எடிட்டர் வெட்டவில்லை. அன்றைக்கு வந்திருந்தவர்கள் அளந்து கொடுத்தார்கள்.

இரண்டாவது, முகங்கள். ஒருவர் உளறும்போது மற்ற ஆறு பேரின் முகமும் அதே நொடியில் உயிரோடு இருக்கிறது. விஷன் மிக்சர் (கேமராக்களை மாற்றிவிடுபவர்) பொத்தானை அழுத்தினால் படையிலுள்ள கிழவர் ஃபிரேசரின் முகம், இன்னொரு பொத்தானுக்கு இன்னொரு கிழவர் காட்ஃப்ரி.

35 மில்லிமீட்டர் ஒற்றைக் கேமராவில் இரண்டுமே போச்சு. ஏழு பேரின் முகம் வேண்டுமென்றால் ஏழு முறை கேமராவையும் விளக்கையும் நகர்த்த வேண்டும். அதற்கு நாள் இல்லாததால் கூட்டமாக ஒரு ஷாட்டில் நிறுத்திவிடுவார்கள். இடைவெளியின் கதி இன்னும் மோசம். நிறைந்த அரங்கு எவ்வளவு நேரம் சிரிக்கும் என்று எடிட்டிங் மேசையில் தெரியாது. இடம் விட்டால் பாதி காலியான பகல் காட்சியில் மயான அமைதி. இடம் விடாவிட்டால் நிறைந்த அரங்கில் அடுத்த வசனம் சிரிப்பில் முங்கிவிடும். பயந்துபோய் அந்தப் பள்ளத்தை எதனாலாவது நிரப்புகிறார்கள், வண்டி, தண்ணீர், குதிரை, இசை. வால்மிங்டன்வாசி சொன்ன ஸ்டீம் ரோலர் இந்த வழியாகவும்தான் வந்தது என்பது என் கணிப்பு.

சோதிக்க விரும்பினால் 'தி மேன் அண்ட் தி அவர்' என்ற முதல் எபிசோடில் ஆள் சேர்க்கும் காட்சியை எடுங்கள். ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையில் எத்தனை வினாடி என்று இருபது இடத்தில் குறியுங்கள். படத்திலும் அதே பகுதியில் இருபது. ஒலியை அணைத்துவிட்டு உதட்டசைவைப் பார்த்துக் குறிப்பது நல்லது, சிரிப்புச் சத்தம் கேட்டால் கை தானாக நீட்டிவிடும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் நான் சொல்வது எழுத்தில் தெரியும். டிவிடியில் அளந்த படத்தின் எண்களை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க மறக்காதீர்கள்.

#6 சிறைக்கதவு

அப்படியென்றால் சிறைச்சாலை சிட்காமிலிருந்து வந்த 'போரிட்ஜ்' (1979) படம் எப்படித் தப்பித்தது? அதுவும் ஒற்றைக் கேமரா, பார்வையாளர் இல்லை, 93 நிமிஷம். இருந்தும் இந்த வகையில் உருப்படியான படம் எது என்று கேட்டால் பலரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

என் கட்சி இது. சிட்காமுக்கு நான்கு சுவர் வேண்டும். அது செட் சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. ஒருவரையொருவர் சகிக்காதவர்கள் எழுந்து போக முடியாமல் இருப்பதுதான் நகைச்சுவையின் எஞ்சின். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரின் பழைய சாமான் முற்றம், 'ரைசிங் டேம்ப்' தொடரில் ரிக்ஸ்பியின் வாடகை வீடு, 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' தொடரில் கிரேஸ் பிரதர்ஸ் கடையின் துணிப் பிரிவு, எல்லாம் சிறைதான். 'போரிட்ஜ்' நிஜச் சிறை, அவ்வளவே வித்தியாசம். தொடரில் 'எ நைட் இன்' என்ற 1974 எபிசோட் ஏறக்குறைய முழுக்கக் கைதிகள் ஃபிளெட்சரும் காட்பரும் பூட்டிய அறையில் இரவில் பேசிக்கொள்வது மட்டுமே.

படமாக்கும்போது தயாரிப்பாளருக்கு முதலில் தோன்றுவது "வெளியே கூட்டிப்போ". அதனால்தான் இத்தனை விடுமுறைப் பயணங்கள். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' (1972) ஸ்பெயினுக்குத் தேனிலவு போகிறது. 'தி லைக்லி லேட்ஸ்' (1976) கேரவனில் கிளம்புகிறது. 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' (1977) கோஸ்டா பிளொங்கா (Costa Plonka) என்ற கற்பனை ஊரில், அதுவும் ஸ்டூடியோ செட்டில். 'ஹாலிடே ஆன் த பஸ்ஸஸ்' வடக்கு வேல்ஸின் பிரஸ்டாட்டின் விடுமுறை முகாமில். எல்லா நடிகரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இடத்தை மாற்ற மலிவான வழி விடுமுறைதான். ஆனால் கிரேஸ் பிரதர்ஸ் கடையின் தள மேற்பார்வையாளர் கேப்டன் பீகாக்குக்கு அதிகாரம் கடைத் தளத்தில்தான். நீச்சல் உடையில் எல்லோரும் ஒன்று. படிநிலை போனதும் யாரும் யாரையும் மீற முடியாது, மீறல் இல்லாமல் அங்கே நகைச்சுவை இல்லை.

'போரிட்ஜ்' என்ன செய்தது? டிக் கிளமென்ட், இயன் லா ஃப்ரெனே எழுத்து, கிளமென்டே இயக்கம். பிரபலங்களோடு ஒரு கால்பந்துப் போட்டி, அதன் மறைவில் ஒரு கைதி தப்ப ஏற்பாடு. எதிர்பாராமல் ஃபிளெட்சரும் காட்பரும்கூட வெளியே போய்ச் சேருகிறார்கள். பிறகு படம் முழுக்க அவர்கள் திரும்பவும் உள்ளே நுழையப் பாடுபடுகிறார்கள். வெளியே கூட்டிப்போனாலும் எஞ்சின் நிற்கவில்லை, ஏனென்றால் இப்போது சுவர்தான் அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம்.

இடத் தேர்விலும் அதிர்ஷ்டம். 1978-ல் தீப்பிடித்து, பழுதுபார்ப்புக்காகக் காலியாக இருந்த செம்ஸ்ஃபர்ட் சிறை கிடைத்தது. எடுத்தது 1979 தொடக்கத்தில், கடுங்குளிரில். மூச்சு புகையாக வருவது நடிப்பில்லை. காட்பராக நடித்த ரிச்சர்ட் பெக்கின்சேல் அந்த மார்ச் 19-ல் 31 வயதில் இறந்துபோனார், படம் வெளிவந்தது அதற்குப் பிறகு. அந்த நிழலில் பார்ப்பதால் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு.

#7 டெப்போமேனேஜர்

"படம் முழுக்க"ன்னு சொல்றது மிகை. தப்பிக்கிறதுக்கே பாதிப் படம் தாண்டிடுது. அதுக்கு முன்னால இருக்கிறதெல்லாம் புதுக் கைதி, புது அதிகாரின்னு தொடர் பாணியில சின்னச் சின்னத் துண்டுதான்.

#8 சிறைக்கதவு

ஒப்புக்கொள்கிறேன், கடைசிப் பகுதி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் துண்டுகள் எல்லாமே கால்பந்துப் போட்டிக்கு வந்து சேருகின்றன. 'டாட்ஸ் ஆர்மி'யின் ஸ்டீம் ரோலர் எங்கே வந்து சேருகிறது?

#9 மேசைவிளக்கு

'ரைசிங் டேம்ப்' (1980) யாரும் பேசவில்லையே. எரிக் சாப்பல் தன் மேடை நாடகத்தைத் தொடராக்கினார், தொடரின் பழைய எபிசோட்களையே சேர்த்துப் படமாக்கினார்கள். ஐடிவி எபிசோட் ஏறக்குறைய 25 நிமிஷம், நடுவில் விளம்பரம். அந்த இடைவேளைக்காக எழுத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அத்தகைய எழுத்தை வரிசையாகச் சேர்த்தால், விளம்பரம் இல்லாமலே பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு வேகத்தடை. இந்தத் தொடரிலும் நடித்த பெக்கின்சேல் இல்லாததால் கிறிஸ்டஃபர் ஸ்ட்ராலி புதுப் பாத்திரமாக வருகிறார். ஏற்கெனவே ஒருவர் வாய்க்கு எழுதிய வசனத்தை இன்னொருவர் பேசும்போது தாளம் உதைக்கிறது. பிரான்செஸ் டி லா டூர் மட்டும் பெரிய திரைக்கும் சரியாகப் பொருந்துகிறார்.

#10 வால்மிங்டன்வாசி

மேக்கப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளைவ் டன் 1920-ல் பிறந்தவர், படம் எடுக்கும்போது 50. எழுபது வயதுக் கிழவரான ஜோன்ஸாக நடிக்கிறார். 625 வரித் தொலைக்காட்சியில் விக்கும் மீசையும் எடுபடும். 35 மில்லிமீட்டர் பிரிண்டைப் பெரிய திரையில் போட்டால், பக்கத்தில் நிற்கும் ஜான் லாரி (1897), ஆர்னல்ட் ரிட்லி (1896) ஆகியோரின் நிஜ முதுமை அந்த வேஷத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இருவரும் முதல் உலகப் போரில் நிஜமாகவே சண்டையிட்டவர்கள்.

எந்த எபிசோட் என்று கேட்டீர்கள். கத்தரிக்கோல் சொன்ன முதல் எபிசோட் அளந்து பார்க்க நல்லது. திரையிடலுக்கு வேண்டாம். அது 1968-ல் நடக்கும் ஒரு விருந்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது, தொடரைத் தெரியாதவர் குழம்புவார். மேலும் படத்தின் முதல் பகுதியும் அதே கதைதான், ஒரே மாலையில் இரண்டு முறை ஈடன் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை 1973-ல் வந்த 'தி டெட்லி அட்டாச்மென்ட்', படத்துக்குப் பிறகு. ஜெர்மானியர் அதே தேவாலயக் கூடத்தில். படத்தில் அவர்கள் பிணை பிடிக்கிறார்கள், தொடரில் அவர்களே கைதிகள். படம் அந்தச் சூழ்நிலையைப் பதற்றமாக்குகிறது. பாட்டு பாடிக்கொண்டு அங்கி போட்ட படை மேலே வருகிறது, மேன்வாரிங் துப்பாக்கியோடு அதிகாரிக்கு எதிரே நிற்கிறார். நன்றாகவே இருக்கிறது, மேன்வாரிங்கின் தைரியம் நிஜம் என்று காட்ட அந்தக் காட்சி தேவையும்கூட. தொடரில் அதே கூடத்தில் நீர்மூழ்கிக் கேப்டன் ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பெயர் எழுதுகிறார். கேலிப் பாட்டுப் பாடிய பையனின் பெயர் என்ன என்கிறார். "அவனிடம் சொல்லாதே, பைக்!" என்கிறார் மேன்வாரிங். செலவு ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். அந்தக் கேப்டனாக வரும் ஃபிலிப் மடாக்கின் முகத்துக்கும் ஆர்தர் லோவின் முகத்துக்கும் நடுவே கூட்டம் சிரித்து முடிக்கும்வரை யாரும் அசைவதில்லை.

#11 மேசைவிளக்கு

2016-ல் புது நடிகர்களோடு எடுத்த 'டாட்ஸ் ஆர்மி' படம்? டோபி ஜோன்ஸ், பில் நை எல்லாம் நல்ல நடிகர்கள்தானே.

#12 வால்மிங்டன்வாசி

நல்ல நடிகர்கள், யார்க்ஷயரின் பிரிட்லிங்டனில் அழகாக எடுத்த படம், ஒற்றன் கதை என்பதால் தையல் பிரச்சினைகூட இல்லை. பழைய ஆட்களில் இயன் லாவெண்டரும் ஃபிராங்க் வில்லியம்ஸும் வருகிறார்கள். ஆனால் மேன்வாரிங்கை நடிப்பதற்குப் பதில் ஆர்தர் லோவின் மேன்வாரிங்கை நடிக்க வேண்டிய நிலை. உங்கள் மாலைக்கு இது வேண்டாம்.

#13 பழையரீல்

0.96 போட்டுப் பார்த்தாயிற்று. கடைசி வசனத்தில் ஐந்து வினாடி தாமதம் இருந்தது, 0.95904 போட்டதும் உட்கார்ந்துவிட்டது. நன்றி கத்தரிக்கோல் அண்ணே.

எபிசோடைப் படத்துக்குப் பிறகே வைக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். படம் அகலத் திரை, தொடர் 4:3. ப்ரொஜெக்டரை மாற்ற வேண்டுமா?

#14 கத்தரிக்கோல்

ப்ரொஜெக்டரைத் தொடாதீர்கள், ப்ளேயரில் பாருங்கள். தானாக 16:9-க்கு இழுக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வர வேண்டும். இழுத்துவிட்டால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாவார்கள். ஆர்தர் லோ ஏற்கெனவே உருண்டைதான்.

ஒலி அளவையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எபிசோடில் சிரிப்பொலி வசனத்தோடு ஒரே தடத்தில் இருக்கிறது. படத்துக்கு வைத்த அளவிலேயே விட்டால் ஸ்டூடியோ சிரிப்பு உங்கள் கூடத்தின் சிரிப்பை அமுக்கிவிடும். வசனம் கடைசி வரிசைக்குக் கேட்கும் அளவுக்கு இறக்கி வையுங்கள்.